பின்புறம் 200 சதுர மீட்டர்: இந்தப் "பசுமைத் திட்டம்" உண்மையிலேயே பசுமையா?

நிழல்தேடி

வணக்கம். வீட்டு வேலை முடிந்துவிட்டது. பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்த்து ஏறக்குறைய 200 சதுர மீட்டர் காலியாகக் கிடக்கிறது. மாலையில் உட்கார ஓர் இடம், பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம், கொஞ்சம் செடிகொடி, இவ்வளவுதான் ஆசை. சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் செய்யவேண்டும் என்று சொன்னதும் தோட்ட வடிவமைப்பாளர் ஒருவர் "முழுப் பசுமைத் திட்டம்" என்று ஒரு வரைபடம் கொடுத்தார். அதில் இருப்பவை:

நடுவில் செயற்கைப் புல்தரை. சுற்றிலும் சிமென்ட் பேவர் கல். வீட்டுச் சுவரை ஒட்டி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையில் ஒரு மேடை. ஓரமாகச் சின்ன நீரூற்று. மதிலோரம் ஒரே வகைச் செடி வரிசையாக. நடைபாதை நெடுக சோலார் விளக்கு, மொத்தம் 24.

மேற்கு மூலையில் பழைய புங்கமரம் ஒன்று நிற்கிறது. அது இலையும் பூவுமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், வேர் அஸ்திவாரத்துக்குள் போகும், எடுத்துவிடலாம் என்கிறார். பதிலுக்குப் பத்து மரக்கன்று நட்டுத் தருவாராம்.

களிமண் நிலம். மழை நாளில் சொதசொதவென்று நிற்கும், வெயில் காலத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். என்ன சொல்கிறீர்கள்?

மண்புழு

மரத்தில் கை வைக்கவேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

மேற்கே நிற்கிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொள்ளும். பிற்பகல் வெயில் தாழ்ந்து, சாய்வாக வந்து, சுவர் முழுவதையும் நேராக அடிக்கும். ஜன்னலுக்கு மேல் எவ்வளவு நீட்டிச் சன்ஷேடு போட்டாலும் அதற்குப் பயன் குறைவு. அதை நிறுத்த மேற்கில் உயரமாக ஏதாவது வேண்டும். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

நிழல் மட்டும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். மண்ணில் ஈரம் இருந்தால், நன்றாக வளர்ந்த மரம் ஒரு வெயில் நாளில் 100 லிட்டர் தண்ணீரை இலை வழியாக விடுவது சாதாரணம். 67 யூனிட் வெப்பத்தை அது வெயிலிலிருந்தும் சுற்றுப்புறக் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பத்துக் கன்றும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்குவதற்குள் உங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

வேர் விஷயத்தில் அவர் சொல்வது பாதி சரி. நல்ல கான்கிரீட்டை வேர் துளைத்துக்கொண்டு போகாது. ஆனால் உங்களுடையது சுருங்கி விரியும் களிமண். கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கும், ஆழம் குறைந்த அஸ்திவாரம் அதோடு சேர்ந்து இறங்கலாம். இந்தப் பயம் நியாயமானதுதான். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அந்த மண்ணில் நிற்கும் பெரிய மரத்தை வெட்டினால், அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, கட்டடத்தை மேலே தூக்கவும் கூடும். வெட்டினால் பாதுகாப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்லமுடியாது. மரத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம்? அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?

இன்னொன்று. அவர் பட்டியலில் இருக்கும் ஆறும் காசு கொடுத்து வாங்கும் பொருட்கள். மழைத்தண்ணீர் எங்கே போகும், எந்த நேரத்தில் வெயில் எங்கே விழும் என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. அந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால் பட்டியலில் பாதி தேவைப்படாது.

நிழல்தேடி

மரத்திலிருந்து சுவர் 9 மீட்டர். வீடு கட்டும்போது பொறியாளர் மண்ணைப் பார்த்துவிட்டுப் பைல் அஸ்திவாரம்தான் போட்டார், அதாவது ஆழமாக இறக்கிய தூண்கள்மேல் நிற்பது. மரத்தண்டு இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கும் அளவு இருக்கும்.

மண்புழு

அப்படியானால் மரம் நிற்கட்டும். மனநிம்மதிக்கு அந்தப் பொறியாளரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மார்பு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதை 12 ஆல் பெருக்குங்கள். விட்டம் 40 செ.மீ. என்றால் 4.8 மீட்டர். தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் அந்தத் தூரம் வரை உள்ள வட்டத்துக்குள் தோண்டக்கூடாது, மண் கொட்டி மேடாக்கக்கூடாது, கான்கிரீட் கூடாது, வண்டி ஏறக்கூடாது. சத்தும் ஈரமும் இழுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டரில்தான் இருக்கும். கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் போகும். தண்டைச் சுற்றிச் சின்னதாக வட்டம் விட்டு மற்ற இடமெல்லாம் கல் பதித்துவிட்டு, "மரத்தைக் காப்பாற்றிவிட்டோம்" என்பார்கள். நாலைந்து வருடத்தில் உச்சிக் கிளைகள் காய ஆரம்பிக்கும். யாருக்கும் காரணம் புரியாது.

தளம்போடுபவர்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் எதிர்த்தரப்பாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பேவர் கல் என்றாலே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். கல்லுக்குக் கீழே என்ன போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

பல இடங்களில் நடப்பது இது: மண்ணை இறுக்கி, நாலு அங்குலம் கான்கிரீட் ஊற்றி, அதன்மேல் கல்லைப் பதித்து, இடுக்கில் சிமென்ட் பூசுவார்கள். பார்வைக்குக் கல் கல்லாகத் தெரியும், ஆனால் ஒரு சொட்டு கீழே இறங்காது. அதற்குக் கான்கிரீட் தரையே போட்டிருக்கலாம்.

தண்ணீர் இறங்கும் தளம் வேறு மாதிரி. கீழே பெரிய ஜல்லி, அதன்மேல் நடுத்தர ஜல்லி, அதன்மேல் சிறு கல் சிப்ஸ். எதிலும் தூசி, மணல் கலப்பு இருக்கக்கூடாது, கழுவிய ஜல்லியாக வேண்டும். கல் இடுக்கில் மணலுக்குப் பதில் 2 முதல் 5 மி.மீ. சிப்ஸ். ஜல்லிக்கு நடுவே இருக்கும் இடைவெளி கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அங்கே தண்ணீர் தங்கி மெதுவாக மண்ணில் இறங்கும். அதாவது 30 செ.மீ. ஜல்லி அடுக்கு இருந்தால் சதுர மீட்டருக்கு 100 லிட்டர் வரை பிடிக்கும். களிமண்ணில் அடியில் ஒரு துளைக் குழாய் வைத்து மிச்சத் தண்ணீர் வெளியேற வழிவிட வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி இதைச் செய்யாதீர்கள். சுவரோரம் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சாய்வில் தண்ணீர் வெளியே ஓடட்டும்.

பராமரிப்பும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை இடுக்கில் சேர்ந்த தூசியைச் சுரண்டி எடுத்துப் புதுச் சிப்ஸ் நிரப்பவேண்டும். விட்டுவிட்டால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அதுவும் கான்கிரீட் மாதிரிதான்.

ஆனால் 200 சதுர மீட்டரில் எவ்வளவுக்குத் தளம் வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். நான் போட்ட தளத்தில் பாதியை யாருமே மிதிப்பதில்லை. உலகத்துக் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. போடாத தளம்தான் இருப்பதிலேயே நல்ல தளம், என் வியாபாரத்துக்குக் கெடுதல் என்றாலும். நடந்து போகும் பாதைக்குக் கல் பலகைகளை அடி எடுத்து வைக்கும் தூரத்தில் போட்டால் போதும். நடுவில் மண்ணோ செடியோ இருக்கட்டும்.

சந்தேகப்பிராணி

தொழிலில் இருப்பவரே போடாதே என்று சொல்லும் இழையை இன்றுதான் பார்க்கிறேன்.

தவளைக்குரல்

நிழல்தேடி, கூரைத்தண்ணீர் இப்போது எங்கே போகிறது?

நிழல்தேடி

நாலு குழாய். எல்லாம் நேராகத் தெருச் சாக்கடைக்கு. கூரை 120 சதுர மீட்டர்.

தவளைக்குரல்

அதுதான் நீங்கள் கையில் வைத்துக்கொண்டே தொலைத்துக்கொண்டிருக்கும் தண்ணீர். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 120 சதுர மீட்டரில் 50 மி.மீ. கொட்டினால் 6,000 லிட்டர். சிதறல், ஆவியானது என்று 10, 15 சதவீதம் கழித்தாலும் 5,000 லிட்டருக்குக் குறையாது. ஒரே மழையில்!

தொட்டி வைப்பது நல்லதுதான், ஆனால் நீங்கள் தோட்டம் பற்றிக் கேட்பதால் மழைப்பள்ளம் பற்றிச் சொல்கிறேன். வேறொன்றுமில்லை, தரையில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு அகலமாக, தட்டையாக ஒரு தாழ்வு. கூரைக் குழாயை அதில் திருப்பிவிடுகிறோம். தண்ணீர் சில மணி நேரம் நின்று மண்ணில் இறங்கும். அதில் ஈரத்தையும் காய்ச்சலையும் இரண்டையும் தாங்கும் செடிகள். கல்வாழை, கோரை வகைகள், வெட்டிவேர் மாதிரி.

அதற்கு முன் ஒரு சோதனை. பள்ளம் வரப்போகும் இடத்தில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. தண்ணீர் ஊற்றி நிரப்பி முழுக்க இறங்கவிடுங்கள். உடனே மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவை அளவை நம்பாதீர்கள், காய்ந்த களிமண் வெடிப்புக்குள் மடமடவென்று போய்விடும். இரண்டாம் தடவைதான் உண்மையைச் சொல்லும். மணிக்கு 1 செ.மீ. இறங்கினாலும் 15 செ.மீ. பள்ளம் 15 மணி நேரத்தில் காலி. அதற்கும் குறைவு என்றால் பள்ளத்தை ஆழமாக்காதீர்கள், அகலமாக்குங்கள்.

சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும், உங்கள் மண்ணுக்கு இன்னும் தள்ளினால் நல்லது. புங்கமரத்தின் வேர் வட்டத்துக்குள்ளும் வேண்டாம். கூரைப் பரப்பில் 10 முதல் 20 சதவீதம் அளவு பரவலாகச் சொல்லப்படுவது. 20 சதுர மீட்டர், 15 செ.மீ. ஆழம் என்றால் 3,000 லிட்டர் நிற்கும். பெருமழையில் கண்டிப்பாக வழியும். அதனால் வழிந்தோடும் வாயை முதலிலேயே முடிவு செய்து, கல் அடுக்கி, தண்ணீர் உங்கள் பக்கமும் வராமல் பக்கத்து வீட்டுக்கும் போகாமல் பாருங்கள். அண்டைவீட்டுச் சண்டையில் பாதிக்குத் தண்ணீர்தான் காரணம்.

வேலியோரம்

தண்ணீர் நின்றால் கொசு வராதா தம்பி? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்கிறார். பாம்பும் யோசிக்கவேண்டிய விஷயம்தான். நீங்கள் சொல்லும் புதர், சருகு, பள்ளம் எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ராத்திரி துணி எடுக்கப் பின்பக்கம் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

தவளைக்குரல்

நியாயமான கேள்வி அக்கா. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஒன்றிரண்டு நாளில் வற்றும் பள்ளத்தில் புழு பிழைக்காது. உண்மையான ஆபத்து பள்ளத்தில் இல்லை. தொட்டிச்செடிக்கு அடியில் இருக்கும் தட்டு, கூரைத் தகரக்கால்வாயில் இலை அடைத்து நிற்கும் தண்ணீர், மூலையில் மறந்துபோன வாளி, இவற்றில்தான். வடிவமைப்பாளர் சொன்ன நீரூற்றும் அப்படித்தான். மோட்டார் ஓடும்வரை சரி. அது பழுதாகி ஒரு மாதம் யாரும் கவனிக்காவிட்டால் அதுவே கொசுப்பண்ணை.

நிரந்தரக் குளம் வைப்பவர்கள் கொசுவுக்காக கம்பூசியா மீன் விடுவார்கள். அதை விடாதீர்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட உலகின் 100 மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அது இருக்கிறது. தவளைக்குஞ்சு, தட்டான் புழு, உள்ளூர் மீன்குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். வெள்ளத்தில் வழிந்து ஓடைக்குப் போனால் திரும்ப எடுக்கமுடியாது. பக்கத்து நீர்நிலையில் இயல்பாக இருக்கும் சின்ன மீன் போதும். இல்லையென்றால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து, கொசுப்புழுவைத்தான் குறிவைக்கும்.

மண்புழு

பாம்பு பற்றி. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும் ஒளிந்துகொள்ள இடத்துக்கும். மிச்சச் சோறு திறந்து கிடக்கும் உரக்குழி, சுவரோரம் அடுக்கிய செங்கல், தகரம், விறகு, இவை இருந்தால் சிமென்ட் முற்றத்துக்கும் வரும்.

வீட்டைச் சுற்றி ஒன்று ஒன்றரை மீட்டருக்கு ஜல்லியோ, ஒட்ட வெட்டிய தரைமூடிச் செடியோ மட்டும் வைத்து, தரை கண்ணுக்குத் தெரியும்படி விடுங்கள். நடக்கும் பாதையின் இரு பக்கமும் கணுக்கால் உயரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். அடர்த்தி, சருகு, மரக்கட்டைக் குவியல் எல்லாம் கடைசி மதிலோரம். அந்த மூலையில் ஓணான், தேரை, வண்டு, பறவை இருந்துகொள்ளட்டும். 200 சதுர மீட்டரும் காடாக இருக்கவேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

வெயில்முற்றம்

செயற்கைப் புல் பற்றி யாரும் பேசவில்லையே. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெயிலில் அதன் மேற்பரப்பு 60, 70 டிகிரி செல்சியஸ் வரை போகும். உண்மைப் புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை. பிற்பகல் 2 மணிக்குப் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்கினால் கொப்புளம்தான். குளிர்விக்க நீங்கள் தண்ணீர் தெளிப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி சூடேறிவிடும். தண்ணீர் மிச்சம் என்று சொல்லி வாங்கிய பொருள்!

கிட்டத்தில் போய்ப் பழைய செயற்கைப் புல்லைப் பார்த்திருக்கிறீர்களா? இழைகள் மடிந்து ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். நுனி வெளுத்து, இரண்டாகப் பிளந்து, விரலால் உருவினால் பொடிப்பொடியாக வரும். அந்தப் பொடி மழைத்தண்ணீரோடு போகும். அடியில் இறுக்கிய மண்ணில் ஒரு புழு இருக்காது. பத்து வருடம் கழித்துக் கழற்றினால், புல் இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொரு பிளாஸ்டிக், ஒட்டுப்பசை வேறு, அதனால் மறுசுழற்சிக்கு எடுப்பவர் அரிது.

நிழல்தேடி

அது சரி, பிள்ளைகள் விளையாட ஏதாவது வேண்டுமே. புல்தரை என்றால் தண்ணீரும் வெட்டுவதும் வாரா வாரம் வேலை என்கிறார்கள்.

வேலியோரம்

புல்தரை முழு இடத்துக்கும் வேண்டாம், பிள்ளைகள் ஓடும் அளவுக்கு 30, 40 சதுர மீட்டர் போதும். நல்ல வெயில் விழும் இடத்தில் அருகம்புல் போட்டுப் பாருங்கள். காய்ந்து பழுப்பாகும், மழை வந்ததும் தானே துளிர்க்கும். பழுப்பைப் பார்த்ததும் பதறித் தண்ணீர் பாய்ச்சாமல் இருக்க மனசு வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாத்திப் பக்கம் விட்டால் ஓடி ஓடிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் கல் விளிம்பு வையுங்கள்.

வெட்டவே பிடிக்காதென்றால் பொடுதலை. தரையோடு படரும், மிதி தாங்கும், சின்னச் சின்னப் பூவுக்குத் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். தேனீ வருவதால் வெறுங்காலுக்குக் கொஞ்சம் கவனம்.

புங்கமர நிழலில் எந்தப் புல்லும் ஒழுங்காக வராது. அங்கே போராடாதீர்கள். சருகை அப்படியே விடுங்கள். பிள்ளைகளுக்கு மண்ணும் சருகும் ஒரு மரக்கட்டையும் ஒரு ஊஞ்சலும் போதும்.

இலைச்சருகு

மதிலோரம் ஒரே செடி வரிசைக்குப் பதிலாக மியாவாக்கி காடு வைக்கலாமே? சதுர மீட்டருக்கு 3, 4 கன்று, 30 சதுர மீட்டரில் நூறு மரம். மூன்று வருடத்தில் அடர்ந்துவிடும், அப்புறம் தண்ணீரே வேண்டாம்.

மண்புழு

நல்ல முறைதான், இடம்தான் பொருந்தவில்லை. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி இதை உருவாக்கியது தொழிற்சாலைச் சுற்றுப்புறம், சாலையோரச் சரிவு மாதிரி அழிந்த நிலத்தில் அந்த மண்ணுக்குரிய காட்டைத் திரும்பக் கொண்டுவர. வழக்கமாக முதலில் மண்ணை ஆழமாகத் தோண்டிப் புரட்டி உரம் கலப்பார்கள். இவர் இடத்தில் அதைச் செய்தால் புங்கமரத்து வேர் முதலில் போகும். நூறு கன்றில் இயல்பாகவே பல, போட்டியில் சாகும், அது அந்த முறையின் பகுதி. மிச்சம் உயரமாக வளரும்போது மதிலுக்கும் மின்கம்பிக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே நிற்கும்.

மதிலோரத்துக்குப் பல உயரத்தில் கலப்புப் புதர்வேலி போதும். ஒரே வகை வைத்தால் ஒரு பூச்சி வந்தாலே வரிசை மொத்தமும் போகும். நாலைந்து வகை கலந்தால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும். காற்றைத் தடுக்கவும் இதுவே சிறந்தது. முழுச் சுவரில் மோதும் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். பாதி காற்றை உள்ளேவிடும் வேலி அதைத் தளர்த்தி அனுப்பும்.

இலைச்சருகு

சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கலப்பு வேலிக்கு உள்ளூர்ச் செடிதான் வைக்கவேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நர்சரியில் தரைமூடி கேட்டால் முதலில் நீட்டுவது அந்த மஞ்சள் பூப் படர்கொடி, சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். அதுவும் உண்ணிச்செடியும் மேலே கம்பூசியா இருக்கும் அதே 100 பட்டியலில் இருக்கின்றன. வேகமாகப் பரவும், தண்ணீர் வேண்டாம், பூச்சி வராது என்று விற்பார்கள். ஆபத்தே அந்த மூன்றும்தான். வெட்டிய துண்டை வெளியே எறிந்தால் அங்கேயே வேர் விட்டு ஓடைக்கரை முழுவதும் பிடிக்கும்.

உங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாத புறம்போக்கு, வேலி ஓரம், குளக்கரையில் என்னென்ன பச்சையாக நிற்கிறது என்று கோடைக் கடைசியில் ஒரு நடை போய்ப் பாருங்கள். நர்சரி பட்டியலைவிட அது உபயோகம். அங்கேயும் உண்ணிச்செடி நிற்கும், அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் தேனீ. தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் கூட்டமாக அடை கட்டுபவை அல்ல, மண்ணுக்குள் தனியாகத் துளையிட்டு வாழ்பவை. எல்லா இடத்தையும் சருகு, மரத்துண்டு மூடாக்கால் மூடிவிட்டால் அவற்றுக்கு வீடு இல்லை. வெயில் படும் மூலையில் ஒரு பாய் அளவு வெறும் மண் விடுங்கள்.

சந்தேகப்பிராணி

மேடையும் விளக்கும் பாக்கி. கலப்புப் பலகை மேடை "மறுசுழற்சிப் பொருள்" என்று எழுதியிருப்பார்களே, அது நல்லதுதானே?

தளம்போடுபவர்

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து உருக்கியாயிற்று, இனி அதைப் பிரிக்கமுடியாது. கழிவைப் பயன்படுத்தியது உண்மை, ஆனால் அடுத்த சுற்று அதற்கு அநேகமாக இல்லை. கறையான் ஏறாது, பெயின்ட் வேண்டாம், நீண்ட நாள் வரும் என்பதெல்லாம் சரி. வெயிலில் அதுவும் நன்றாகச் சூடேறும், அடர்நிறம் என்றால் கேட்கவே வேண்டாம்.

மேடை எதற்கு என்று கேளுங்கள். தரை சரிவாக இருந்தால் மேடை நியாயம், ஏனென்றால் மண்ணை வெட்டாமல் தூண்மேல் நிறுத்தலாம். உங்களுடையது சமதரை. அங்கே மேடை என்பது வெறும் படம் எடுக்க.

மரம்தான் வேண்டும் என்றால் பழைய கட்டடத்தை இடிக்கும்போது கிடைக்கும் கதவு நிலை, உத்திரம் தேடுங்கள். பல வருடம் உலர்ந்த மரம், இனி முறுக்கிக்கொள்ளாது. இரண்டு மட்டும் வேண்டாம். பழைய ரயில் தண்டவாளக் கட்டை: மரம் அழுகாமல் இருக்கப் போடும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியது, வெயிலில் கசியும், காய்கறிப் பாத்தி பக்கமே கொண்டுபோகாதீர்கள். அடுத்தது பச்சை சாயல் அடிக்கும் பழைய பதப்படுத்திய மரம்: அதில் ஆர்சனிக் இருக்கலாம். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்தினார்கள். அறுத்தால் தூள் ஆபத்து, எரித்தால் புகையும் சாம்பலும் அதைவிட ஆபத்து.

மூங்கில் பந்தல் போடுவதானால் போரக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலில் ஊறவைத்த மூங்கிலாகப் பார்த்து வாங்குங்கள். பதப்படுத்தாததில் ஊசித் துளைகளும், தட்டினால் கீழே மாவு மாதிரி மஞ்சள் பொடியும் விழும், துளைப்பான் வண்டு வேலை. அந்த உப்பு மழையில் கரைந்து போகும் என்பதால் கூரைக்குக் கீழ்தான் நிலைக்கும். கால் மண்ணில் படாமல் கல்மேல் நிறுத்துங்கள்.

வெயில்முற்றம்

விளக்கு: 24 தேவையே இல்லை. மலிவு சோலார் விளக்கில் பேட்டரி சில வருடத்தில் போய்விடும், மாற்றும் வசதி இல்லாமல் முழுதாகக் குப்பைக்குப் போகும். இரவு முழுக்க வெள்ளை நீல வெளிச்சம் எரிந்தால் அந்துப்பூச்சிகள் அதையே சுற்றிச் சுற்றிச் சாகும். இருட்டில் பூக்கும் செடிகளுக்கு மகரந்தம் சுமப்பவை அவைதான். படிக்கட்டு, திருப்பம், கதவு என்று மூன்று நாலு இடம் போதும். வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி மூடி, 2,700 கெல்வின் அல்லது அதற்கும் குறைந்த மஞ்சள் நிறம், ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார். வேலியோரம் அக்கா சொன்ன ராத்திரிப் பயத்துக்கும் இதுவே பதில்.

நிழல்தேடி

எல்லாருக்கும் நன்றி. குளியலறைத் தண்ணீரையும் துணி துவைக்கும் தண்ணீரையும் தோட்டத்துக்கு விடலாமா?

தவளைக்குரல்

குளியல் தண்ணீர் தாராளமாக. சமையலறைத் தண்ணீர் வேண்டாம், எண்ணெய் மண்ணை அடைக்கும், நாறும். எதையும் 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கிவைக்கக்கூடாது. தெளிக்காமல், சருகு நிரப்பிய குழிக்குள் நேராக விடுங்கள். வாழை வைத்தால் குடித்துக்கொள்ளும். கீரை, கேரட் மாதிரி பச்சையாகத் தின்பவற்றுக்குக் கூடாது. கழிவுநீரை மறுபடி பயன்படுத்த உங்கள் ஊர் விதி இடம் கொடுக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

துணி துவைக்கும் தண்ணீரில்தான் உங்களுக்குச் சிக்கல். சலவைத்தூளில் சோடியம் அதிகம். சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும், இருக்கும் கொஞ்சநஞ்ச நுண்துளையும் அடைபடும். ஏற்கெனவே தண்ணீர் நிற்கும் மண்ணுக்கு இது வினை. பொட்டாசியம் அடிப்படையிலான திரவச் சோப்பு என்றால் பரவாயில்லை, அதையும் ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள்.

மண்புழு

களிமண்ணுக்கு மணல் கலக்கச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்த களிமண் இன்னும் இறுகும். மக்கிய உரம் ஒரு அடுக்கு, அதன்மேல் 5 முதல் 8 செ.மீ. சருகு மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. கிளறவேண்டாம், புழுக்கள் கீழே கொண்டுபோகும். மூடாக்குக்குக் கீழே பிளாஸ்டிக் களைவிரிப்பு போடாதீர்கள். இரண்டு மழைக்குள் அதன்மேல் தூசி சேர்ந்து அங்கேயே களை முளைக்கும், வேர் துணியோடு பின்னிக்கொள்ளும், பிடுங்கினால் கிழிந்து கிழிந்து வரும்.

இலை கொட்டுகிறது என்று புங்கமரத்தைக் குறை சொன்னாரே அந்த வடிவமைப்பாளர், இந்த மூடாக்கு முழுவதும் அதிலிருந்துதான் வரப்போகிறது.

சந்தேகப்பிராணி

இதெல்லாம் செய்தால் பராமரிப்பே இல்லை, அப்படித்தானே?

வேலியோரம்

யார் சொன்னது? முதல் இரண்டு வருடம் களை எடுத்தே முதுகு போகும். புதுக்கன்றுக்கு முதல் கோடையில் வாரம் ஒன்றிரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடி வைத்தால் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். பளபளப்பு பூசாத பானையாக இருக்கட்டும். செடி பற்றிக்கொண்ட பிறகு வேலை குறையும், இல்லாமல் போகாது.

நிழல்தேடி

வடிவமைப்பாளரிடம் பேசிவிட்டேன், பாதி ஒத்துக்கொண்டார். இப்போது திட்டம் இப்படி: புங்கமரம் நிற்கிறது, அதற்கடியில் சருகுத் தரை, ஓர் ஊஞ்சல், இரண்டு கல் இருக்கை. வெயில் இடத்தில் 35 சதுர மீட்டர் அருகம்புல். தண்ணீர் இறங்கும் தளம் பின்கதவு முன்னால் மட்டும், 20 சதுர மீட்டர். கிழக்குப் பக்கம் மழைப்பள்ளம். குழி தோண்டிப் பார்த்தேன், இரண்டாம் தடவையில் மணிக்கு 1 செ.மீ.தான் இறங்கியது, அதனால் 25 சதுர மீட்டருக்கு அகலமாக்குகிறோம். செயற்கைப் புல், நீரூற்று, மேடை மூன்றும் போய்விட்டது. விளக்கு நாலு. வேலை எப்போது தொடங்கலாம்?

தளம்போடுபவர்

மண் காய்ந்திருக்கும்போது. ஈரக் களிமண்ணில் வண்டி ஏறினால் இறுகிப்போன மண்ணை மறுபடி உயிர்ப்பிக்க வருடக்கணக்காகும். பள்ளம் வரும் இடத்தில் அப்படி ஆனால் இப்போது வரும் அந்த 1 செ.மீ.யும் போய்விடும்.

இன்னொன்று, இதை ஆட்கள் வருவதற்கு முந்தைய நாளே செய்துவிடுங்கள். மரத்தைச் சுற்றி அந்த 12 மடங்கு வட்டத்துக்கும், பள்ளம் வரும் இடத்துக்கும் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், மதியத்துக்குள் ஜல்லி மரத்தடியில்தான் கொட்டியிருக்கும், ஏனென்றால் நிழல் அங்கேதான். சிமென்ட் கலக்கும் இடமும் சட்டி கழுவும் இடமும் எங்கே என்று நீங்களே காட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் காரம் கொண்டது, வேர்ப்பக்கம் போகக்கூடாது. லாரி எந்தப் பக்கம் வரும்?

நிழல்தேடி

ஒரே வாசல்தான், மேற்குப் பக்கம். மரத்தை ஒட்டித்தான் வரவேண்டும்.

தளம்போடுபவர்

அப்படியானால் லாரி தெருவிலேயே நிற்கட்டும், தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். போகும் வழியில் 15 செ.மீ. கனத்துக்கு மரத்துண்டு மூடாக்கு பரப்பி அதன்மேல் பலகை போடுங்கள், எடை ஒரே இடத்தில் அழுத்தாது. கூலி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் தகராறு. வேலை முடிந்ததும் பலகையை மட்டும் எடுங்கள், மரத்துண்டைப் பாதி அளவுக்குக் கலைத்துப் பரப்பி அங்கேயே விட்டுவிடலாம்.